சாண்டிகேட் மைதானத்துத் தோல்வி

ஷெஃபீல்டு என்ற பெயரை நம்மவர்கள் பெரும்பாலும் சவரக் கத்தியின் மீதும் மேஜைக் கத்தியின் மீதும் பொறித்த முத்திரையாகவே அறிந்திருக்கிறார்கள். ஆனால் இங்கிலாந்தின் வட பாகத்தில், குன்றுகளுக்கு நடுவே எஃகு உலைகளின் புகையில் மூழ்கிக் கிடந்த அந்த நகரத்துக்குக் கால்பந்து விளையாட்டின் சரித்திரத்திலும் ஒரு ஸ்தானம் உண்டு. அந்த ஸ்தானத்தை அதற்குத் தேடித் தந்த சம்பவங்களுள், என் அபிப்பிராயத்தில், ஒரு தோல்வியே தலையாயது. தோற்றவர்கள் ஷெஃபீல்டு நகரத்தாரும் அல்லர், பக்கத்துக் கிராமத்துக்காரர்கள்.

1857-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 24-ஆம் தேதி ஷெஃபீல்டு கால்பந்துக் கழகம் ஆரம்பமாயிற்று. அதை ஸ்தாபித்த இருவரில் நதானியேல் கிரெஸ்விக் என்பவர் வெள்ளி முலாம் பூசும் தொழிலில் பேர் பெற்ற பழைய குடும்பத்தில் பிறந்த வக்கீல். வில்லியம் பிரெஸ்ட் திராட்சை மது வியாபாரி, கிரிக்கெட்டிலும் தேர்ந்தவர். கோடைகாலம் முழுவதும் கிரிக்கெட் ஆடிவிட்டுக் குளிர்காலத்தில் கை கால்களை முடக்கிக்கொண்டு வீட்டில் இருப்பதற்கு மனமில்லாமல், தேகத்தைத் திடமாக வைத்துக்கொள்ளும் பொருட்டே அவர்கள் இந்தக் கழகத்தைத் தொடங்கினார்கள். உலை வேலைக்காரர்களுக்கும் இதற்கும் அப்போது சம்பந்தமில்லை. வசதியுள்ள கனவான்களின் பொழுதுபோக்கு இது. அடுத்த ஆண்டிலேயே விதிகளை வகுத்தார்கள். காலில் உதைப்பதும் தட்டி விழச் செய்வதும் கூடாது, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது, ஆனால் எதிராளியைக் கையால் தள்ளலாம் என்று அவ்விதிகள் கூறின. ஒவ்வொருவரும் சிவப்பில் ஒன்றும் கருநீலத்தில் ஒன்றுமாக இரண்டு குல்லாய்கள் கொண்டு வர வேண்டும் என்ற விதியும் அவற்றில் இருந்தது. அந்தக் குல்லாய் விதியில்தான் கழகத்தின் அந்நாளைய நிலைமை முழுவதும் அடங்கியிருக்கிறது. எதிர்த்து ஆடுவதற்கு வேறு கழகமே இல்லாதபடியால் அவர்கள் தங்களையே இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பெயரின் முதலெழுத்து அகராதியின் முற்பாதியில் வருகிறவர்கள் ஒரு பக்கம், பிற்பாதியில் வருகிறவர்கள் மறு பக்கம் என்றும், விவாகமானவர்கள் ஒரு கட்சி, பிரம்மசாரிகள் மற்றொரு கட்சி என்றும் பிரிந்து மூன்று ஆண்டுகள் வரை அவர்கள் தங்களுக்குள்ளேயே ஆடி, தங்களையே ஜயித்து, தங்களிடமே தோற்று வந்தார்கள்.

இந்தச் சௌகரியமான நிலைமையை முடித்து வைத்தது ஹாலம். நகரத்துக்கு மேற்கே மேட்டுப் பிரதேசத்தில் இருந்த ஹாலம் கிராமத்தார் கிரிக்கெட்டில் நெடுநாள் அனுபவமுள்ளவர்கள். சாண்டிகேட் என்ற இடத்தில் அவர்களுக்கென்று 1804-ஆம் ஆண்டு முதலே ஒரு மைதானம் இருந்தது. ஒரு மூலையிலிருந்து மற்றொரு மூலைக்குச் சரிந்து செல்லும் அந்த நிலத்தில் புதிதாக வந்து ஆடுகிறவனுக்குப் பந்து எந்தப் பக்கம் உருளும் என்பதே புரியாது. 1860-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் தேதி ஜான் சார்லஸ் ஷா, தாமஸ் விக்கர்ஸ் என்ற இருவரின் முயற்சியால் அங்கே ஹாலம் கால்பந்துக் கழகம் உதயமாயிற்று. புதிய கழகம் தனக்கென்று தனி விதிகள் எதையும் கற்பித்துக்கொள்ளாமல் ஷெஃபீல்டு விதிகளையே ஏற்றுக்கொண்டது. எதிரியின் சட்டத்தை ஒப்புக்கொண்டு எதிரியோடு மோத இறங்குவதற்கு ஒருவகைத் துணிச்சல் வேண்டும்.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26, புதன்கிழமை, இரு கழகங்களும் சாண்டிகேட்டில் சந்தித்தன. தரையெல்லாம் உறைபனி மூடியிருந்தது. குளிரின் கடுமையால் இரு தரப்பிலும் சிலர் வரவே இல்லை. ஆனாலும் வேடிக்கை பார்க்கப் பெருங்கூட்டம் கூடிவிட்டது. ஷெஃபீல்டுக்காரர்கள் சிவப்பும் வெள்ளையும், ஹாலம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் நீலமும் அணிந்திருந்தார்கள் என்றும், வெண்பனியின் மீது அந்த வர்ணங்கள் கண்ணுக்கு இனிய காட்சியாக இருந்தன என்றும், ஆவேசத்தோடு மோதிப் பாய்ந்தவர்களையும் சாதுரியமாக நழுவிச் சென்றவர்களையும் ஜனங்கள் தாராளமாகக் கரகோஷம் செய்து பாராட்டினார்கள் என்றும் உள்ளூர்ப் பத்திரிகையின் நிருபர் எழுதி வைத்திருக்கிறார். எல்லோரும் நன்றாக ஆடியிருக்கையில் ஒருவரை மட்டும் பிரித்துப் புகழ்வது நியாயமாகாது என்று அவர் பெயர்களை விட்டுவிட்டார். அந்தப் பெருந்தன்மையினால் அன்றைய கோல்களைப் போட்டவர்கள் இன்னாரென்ற விவரம் நமக்கு எட்டாமலே போய்விட்டது. இருட்டி ஆட்டம் ஓய்ந்தபோது ஷெஃபீல்டுக்கு இரண்டு கோல்கள், ஹாலமுக்கு ஒன்றுமில்லை.

தோல்வி என்பது சாதாரண விஷயம்தான்; இந்தத் தோல்வி மனத்தில் தைப்பதற்குக் காரணம் அதன் விவரங்கள். மைதானம் ஹாலத்தாருடையது; அதன் சரிவும் மேடும் அவர்கள் காலுக்குப் பழக்கமானவை; கூடியிருந்த ஜனங்களில் கணிசமானோர் அவர்கள் ஊரார்; எல்லாவற்றுக்கும் மேலாக, அன்று களத்தில் ஆட்களின் எண்ணிக்கையும் ஹாலம் பக்கமே அதிகம். இவ்வளவு அனுகூலங்கள் இருந்தும் ஒரு கோல்கூடப் போட முடியாமல் அவர்கள் திரும்பினார்கள். ஷெஃபீல்டுக்காரர்களின் ஆட்டத்தில் சாஸ்திரோக்தமான பயிற்சி தெரிந்தது என்று சொல்லும் நிருபர், எதிராளியைக் கவிழ்த்துவிடுவதில் உள்ள லாபத்தையும் அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள் என்று சேர்த்துக்கொள்கிறார். கையால் தள்ளுவதற்கு இடங்கொடுத்த விதிகளை எழுதியவர்களே அந்த இடத்தின் பிரயோஜனத்தையும் முழுமையாகக் கண்டிருந்தார்கள் என்பதில் ஆச்சரியமில்லை. மூன்று ஆண்டுகள் தங்களுக்குள் ஆடியது வீண்போகவில்லை; பிறந்து நான்கு மாதம்கூட நிரம்பாத ஹாலம் கழகத்துக்கு அந்தச் சாதகம் இல்லை. கைகலப்பின்றி, நல்ல மனநிலையோடு ஆட்டம் முடிந்ததென்றும் அதே குறிப்பு சாட்சி சொல்கிறது.

அந்த நல்ல மனநிலை இரண்டு ஆண்டுகளே நீடித்தது. அப்போது அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்தது; அங்கிருந்து பருத்தி வருவது நின்று போக, லங்காஷயரின் நூற்பு ஆலைகள் மூடப்பட்டுத் தொழிலாளர் குடும்பங்கள் பட்டினியில் வாடின. (அதே யுத்தம்தான் நம் திருநெல்வேலிச் சீமையின் பருத்திக்கு என்றும் இல்லாத விலையைக் கொடுத்தது, ஒருவர் வீட்டுத் துக்கம் மற்றொருவர் வீட்டு வரவாக மாறிய காலம் அது.) அந்த ஏழைகளின் நிவாரண நிதிக்காக 1862 டிசம்பர் 29 அன்று இரு கழகங்களும் பிராமல் லேன் கிரிக்கெட் மைதானத்தில் ஆடின. தர்ம காரியத்துக்காகக் கூடிய அந்த இடத்தில்தான் பந்தை வைத்திருந்த கிரெஸ்விக்கை ஷாவும், வாட்டர்ஃபால் என்ற மற்றொரு ஹாலம் வீரரும் நெருக்கிப் பிடிக்க, வாட்டர்ஃபாலின் மேல் ஓர் அடி விழுந்தது. அவர் தம் மேற்சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சண்டைக்கு நின்றார். வேடிக்கை பார்த்தவர்கள் சிலரும் உள்ளே புகுந்துவிட்டார்கள். கிரெஸ்விக்கின் கை தற்செயலாகப் பட்டது என்றது ஒரு தரப்பு; வேண்டுமென்றே அடித்தார் என்றது மற்றொன்று. ஒருவாறு அமைதி திரும்பியபின் வாட்டர்ஃபாலைக் கோல் காவலுக்கு அனுப்பிவிட்டார்கள். தண்டனை அவ்வளவே. விளையாட்டு மைதானத்துச் சச்சரவுகளை நான் ஆதரிக்கிறவன் அல்லன். எனினும், உறைபனியில் ஊரார் கண்ணெதிரே வாங்கிய அந்த இரண்டு கோல்களை ஹாலத்தார் மறந்திருப்பார்கள் என்று நினைக்கவும் என்னால் முடியவில்லை.

ஷெஃபீல்டுக்கு ஹாலம் கிடைக்காமலிருந்தால், அது தன் இரண்டு குல்லாய்களோடு இன்னும் சில ஆண்டுகள் ஆடிச் சலித்துக் கலைந்தே போயிருக்கலாம். ஒரு பகையாளி அகப்பட்டவுடன் மற்ற ஊர்களுக்கும் உற்சாகம் பிறந்தது. ஏராளமான கழகங்கள் அந்த நகரத்தைச் சுற்றி முளைத்தன. இன்று உலகமெங்கும் வழங்கும் கார்னர் உதை அங்கிருந்து கிளம்பியதே. 1867-இல் நாடகக் கொட்டகை முதலாளி தாமஸ் யூடான் ஒரு வெள்ளிக் கோப்பை கொடுத்துப் போட்டி நடத்தினார். மார்ச் மாதம் பிராமல் லேனில் சுமார் 3000 பேர் முன்னிலையில் நடந்த இறுதி ஆட்டத்தில் நார்ஃபோக் என்ற கழகத்தை வென்று அக்கோப்பையைப் பெற்றது வேறு யாரும் அல்ல, ஹாலமே. அதிலும் கோல் எதுவும் விழவில்லை. கோலுக்கு இரு பக்கமும் நட்ட கம்புகளுக்கிடையே பந்தைச் செலுத்திப் பெறும் 'ரூஜ்' என்ற இரண்டாந்தரப் புள்ளிகள் இரண்டினால்தான் ஜயம் வந்தது.

பிறகு காலம் மாறிற்று. 1885-இல் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது சட்டபூர்வமாயிற்று. நகரத்து அபிமானம் முழுவதும் வெட்னஸ்டே, யுனைட்டட் என்ற இரண்டு பெரிய கழகங்களின் பக்கம் சாய்ந்தது. சம்பளம் வாங்குவதில்லை என்ற பழைய வைராக்கியத்தை விடாத ஷெஃபீல்டு கழகம் 1904-இல் அமெச்சூர்களுக்கான தேசியக் கோப்பையை வென்றதோடு திருப்தியடைய வேண்டியதாயிற்று. நூறு ஆண்டுகள் கழித்து, 2004-இல், உலகின் மிகப் பழைய கால்பந்துக் கழகம் என்பதற்காக ஃபிஃபா அதற்கு ஒரு விருது வழங்கிக் கௌரவித்தது. அன்று அதே கௌரவத்தைப் பெற்ற மற்றொரு கழகம் ரியல் மாட்ரிட். ஹாலமுக்கு அவ்விதமான மரியாதை ஒன்றும் வரவில்லை. ஆயினும் சொந்த மைதானம் இல்லாமல் இடம் மாறி இடம் மாறி ஆடி வந்த ஷெஃபீல்டு கழகம், 2001-இல் நகர எல்லையையே கடந்து பக்கத்து மாவட்டமான டெர்பிஷயரில் உள்ள ட்ரான்ஃபீல்டுக்குக் குடியேறிவிட்டது. தோற்றவர்களோ அதே சாண்டிகேட்டில், அதே சரிவில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.