இல்லாமையால் அறியப்பட்ட மரபணு

ரெட்டினோபிளாஸ்டோமா என்பது சிறு குழந்தைகளின் விழித்திரையில் தோன்றும் அரிய புற்றுநோய். வெளிச்சம் படும்போது கண்ணின் கருமணி பூனைக்கண்போல் வெள்ளையாக மின்னுவதே பெரும்பாலும் அதன் முதல் அறிகுறி. உயிரணுப் பெருக்கத்தை அடக்கிவைக்கும் மரபணுக்கள் மனித உடலில் உண்டு என்பது இந்தச் சிறு கட்டியின் வழியாகத்தான் உறுதிப்பட்டது.

1809இல் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் வார்ட்ராப் இதைத் தனி நோயாக விவரித்து, கண்ணையே எடுத்துவிடச் சொன்னார். மயக்க மருந்து வராத காலம் அது. 1872இல் பிரேசிலில் இலாரியோ டி கொவேயா என்ற கண் மருத்துவர் அப்படி ஒரு சிறுவனைக் காப்பாற்றினார். அவன் வளர்ந்து, மணமுடித்து, தந்தையானபோது பிள்ளைகளில் இருவருக்கு அதே நோய் வந்தது. நோயிலிருந்து பிழைத்தவர்கள் இருந்தால்தானே அது பரம்பரையாக வருவது தெரியும்!

ஆனால் இந்த நோய் வந்த எல்லாக் குடும்பங்களிலும் அது தொடரவில்லை. இந்தப் புதிரை 1971இல் ஹியூஸ்டனில் ஆல்ஃபிரட் நட்சன் அவிழ்த்தார். அவர் கையில் இருந்தவை 48 குழந்தைகளின் மருத்துவக் குறிப்புகள் மட்டுமே. இரு கண்களிலும் கட்டி வந்த குழந்தைகளுக்கு நோய் முன்னதாகவே தெரிந்தது. ஒற்றைக் கண்ணில் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் தாமதமாக. வயதுக் கணக்கை வரைபடமாக்கியபோது, முதல் வகைக்கு ஒரே பிறழ்வும் இரண்டாம் வகைக்கு இரண்டு பிறழ்வுகளும் தேவை என்ற கணக்கு பொருந்தியது. பரம்பரையாக நோய் வரும் குழந்தை ஒரு பிறழ்வோடுதான் பிறக்கிறது. பாதி வழி ஏற்கெனவே கடந்தாயிற்று. சோதனைக் குழாயைத் தொடாமல் எட்டிய முடிவு என்பதே இதன் அழகு.

இரண்டு பிறழ்வுகள் ஏன்? தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என மரபணு இரு படிகளாக இருக்கிறது. ஒரு படி கெட்டாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். 1969இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஹென்றி ஹாரிஸ் குழுவினர் புற்றணுவையும் நல்ல அணுவையும் ஒன்றாக இணைத்தபோது, கலப்பணு கட்டியை உண்டாக்கும் திறனை இழந்ததற்கும் இதுவே விளக்கம். நல்ல அணு கொண்டுவந்த தடை வேலை செய்திருக்கிறது.

அந்த மரபணுவைப் பிடிப்பது எளிதாக இல்லை. புற்றைத் தூண்டும் மரபணுவை வேறொரு அணுவில் செலுத்தி அதன் விளைவைப் பார்க்கலாம். காணாமல்போன ஒன்றை எப்படிச் செலுத்துவது? 1983இல் வெப்ஸ்டர் கவினி குழு, கட்டியணுக்களில் 13ஆம் குரோமோசோமின் நல்ல படி தொலைந்திருப்பதைக் காட்டியது. 1986இல் ஸ்டீஃபன் ஃபிரெண்ட், ராபர்ட் வைன்பெர்க், தாடியஸ் டிரைஜா குழு மரபணுவையே பிரித்தெடுத்தது. ஆர்பி எனப்படும் அதன் புரதம், உயிரணு பிளவுபடத் தேவையான மரபணுக்களை இயக்கும் இ2எஃப் என்ற காரணியைப் பிடித்துவைக்கிறது. வளர்ச்சிச் சைகை வந்ததும் ஆர்பி மீது பாஸ்பேட்டுகள் ஏறுகின்றன, பிடி தளர்கிறது, அணு பிளவுக்குத் தயாராகிறது.

பி53 புரதத்தின் கதை இன்னும் கோணலானது. 1979இல் கண்டறியப்பட்ட அது, பத்தாண்டுகள் புற்றைத் தூண்டுவதாகவே கருதப்பட்டது. ஆய்வாளர்கள் கையாண்ட மரபணுப் பிரதிகள் பிறழ்ந்தவை என்பது பின்னரே தெரிந்தது. 1989இல் அது அடக்கும் பக்கம் மாற்றப்பட்டது. டிஎன்ஏ சிதைந்தால் அணுவின் பிளவை நிறுத்துவதும், சரிசெய்ய முடியாத அணுவைச் சாகவைப்பதும் அதன் பணி. மனிதப் புற்றுகளில் ஏறத்தாழ பாதியில் அதன் மரபணு பழுதுபட்டிருக்கிறது.

கருப்பை வாய்ப் புற்றில் ஆர்பி, பி53 ஆகிய இரு மரபணுக்களும் பெரும்பாலும் பழுதின்றியே இருக்கின்றன. அங்கே பாப்பிலோமா வைரஸின் இ7 புரதம் ஆர்பியை முடக்குகிறது. இ6 புரதம் பி53ஐச் சிதைக்க வைக்கிறது.