ஹிக்கரித் தண்டும் எக்ஸ் தண்டும்: ஒரு குழிப்பந்துக் கோலின் வரலாறு



இலக்கணக் குறிப்புகளும் கட்டுரைப் பயிற்சிகளும் வந்துகொண்டிருக்கும் இந்தப் பக்கத்தில் குழிப்பந்தைப் பற்றி எழுத நேரும் என்று நான் எண்ணியதில்லை. அந்த ஆட்டத்தை நான் ஒருமுறைகூட ஆடியவன் அல்லன். எனினும் எங்கள் வீட்டு நிலைப்பேழைக்குப் பின்னால் ஒரு பழைய கோல் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சாய்ந்து நிற்கின்றது. அதைப் பற்றி எழுத வேண்டிய நிலையை என் பழைய மாணவன் ஒருவன் உண்டாக்கிவிட்டான்.

அவனுக்கு இப்போது பத்தொன்பது வயது. தந்தை ஒரு குழிப்பந்துத் திடலில் புல்வெட்டும் பணியாளர். சிறுவனாக இருந்தபோதே அத்திடலின் ஓரங்களில் பந்து பொறுக்கியவன், பிறகு தானே அடிக்கப் பழகி, மாநில அளவிலான தேர்வாட்டத்திற்கு அழைக்கப்படும் அளவுக்கு வளர்ந்தான். பயிற்சித் திடலில் வேலை செய்து சேர்த்த இரண்டு மாதச் சம்பளத்தைக் கொண்டுபோய் ஒரு டிரைவர் வாங்கினான். முதல் அடிக்கு எடுக்கும் நீண்ட கோலை டிரைவர் என்பர். உலக வாகையர் ஒருவர் பயன்படுத்துவது போன்ற தலை, அவர் பயன்படுத்துவது போன்ற தண்டு. கடைக்காரர் அவனை ஒரு பந்துகூட அடித்துப் பார்க்கச் சொல்லவில்லை. அன்று முதல் அவன் அடித்த பந்தெல்லாம் தாழ்வாகப் பறந்து வலப்புறக் காட்டுக்குள் போயின. ஆறு வாரம் ஆயிற்று. "என்கிட்டதான் சார் குறை. தேர்வுக்குப் போகல" என்று என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஊஞ்சலில் அமர்ந்திருந்த என் தந்தைதான் காதைத் தீட்டிக்கொண்டார். அவருக்கு எண்பத்தைந்து வயது. 1950களில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்களின் பிள்ளை. பள்ளி விட்டதும் துரைமார்களின் கோல்பையைச் சுமக்கப் போனவர். பை சுமப்பவரைக் 'கேடி' என்பார்கள். நம் ஊரில் அச்சொல் போக்கிரியையும் குறிக்குமாதலால், என் பாட்டி தம் மகனைக் கேடி என்று துரை அழைப்பதைக் கேட்டு அழுததாக ஒரு கதை எங்கள் குடும்பத்தில் உண்டு.

பேழைக்குப் பின்னால் நிற்கும் கோல் அக்காலத்தது. தலையையும் தண்டையும் இணைக்கும் சுற்றுநூல் அவிழ்ந்துபோனதென்று துரை ஒருவர் தூக்கி எறிந்ததை அப்பா எடுத்து, மெழுகு தடவிய தையல்நூலால் சுற்றிக்கொண்டாராம். அதன் தண்டு ஹிக்கரி மரம். அதை மாணவன் கையில் கொடுத்து, "இதால மெதுவா வீசிப் பாரு தம்பி" என்றார். அந்தத் தண்டு எங்கிருந்து வந்தது, அவன் வாங்கிய தண்டு எங்கிருந்து வந்தது என்று நான் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

கதையை நம் நாட்டிலிருந்தே தொடங்கலாம். குழிப்பந்தின் பழைய பந்து தோலுக்குள் இறகைத் திணித்துத் தைக்கப்பட்டது. ஒரு பந்துக்கு ஒரு தொப்பி நிறைய இறகு வேண்டும், மழையில் நனைந்தால் கிழிந்துவிடும், விலையும் மிகுதி. அப்பந்தை அடித்த கோலின் தலை நீண்டு மெலிந்து, அகப்பையைப் போல் இருந்தது. தண்டுக்குச் சாம்பல் மரம் போன்ற மரங்கள் பயன்பட்டன.

இந்நிலையில் 1843இல் சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் மாண்ட்கமரி, மலாய்க்காரர்கள் பாராங் கத்திக்குப் பிடி செய்யப் பயன்படுத்திய ஒரு மரப்பிசினின் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். அதுதான் கெத்தா பெர்ச்சா. வெந்நீரில் இட்டால் களிமண் போல இளகும்; ஆறினால் இறுகிவிடும். 1848 அளவில் இசுகாட்லாந்தில் இதை உருட்டிப் பந்தாக்கினர். ஆசியாவிலிருந்து அனுப்பப்பட்ட விஷ்ணு சிலை ஒன்றைப் பொதிந்து வந்த கெத்தா பெர்ச்சாவை உருக்கியே புனித ஆண்ட்ரூஸ் நகரத்துப் பேட்டர்சன் என்பவர் முதற்பந்தைச் செய்தார் என்று ஒரு கதை வழங்குகின்றது. ஆய்வாளர் பலர் இதை நம்புவதில்லை. நானும் நம்பவில்லை, ஆயினும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இந்த மலிவான பந்து வந்ததும் இறகுப்பந்து செய்வோர் கலங்கினர. அக்காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரரும் இறகுப்பந்து வினைஞருமான ஆலன் இராபர்ட்சனும், அவரிடம் தொழில் பயின்ற டாம் மாரிசும் இந்தப் புதுப்பந்தின் பொருட்டே பிரிந்தனர். மறுபுறம், கெத்தா பெர்ச்சா கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகவும் வேண்டியிருந்தது. பாலெடுக்க மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். ரப்பர் மரத்தைப் போல் நாள்தோறும் சீவி எடுக்கும் வழக்கம் அதற்கு இல்லை. சிங்கப்பூர்த் தீவில் அம்மரம் சில ஆண்டுகளிலேயே அரிதாகிப்போனது.

நம் காட்டுப் பிசினால் ஆன அந்தப் பந்து கடினமானது. மெலிந்த தலைகள் அதை அடித்து அடித்துப் பிளந்தன. ஆகவே தலை குறுகித் தடித்தது. முகத்தில் தோல் பதித்துப் பார்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கப் பெர்சிமன் மரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பெர்சிமன், நம் கருங்காலியின் இனத்தைச் சேர்ந்தது. உலக்கைக்கும் கைத்தடிக்கும் நம் முன்னோர் கருங்காலியைத் தேடிய காரணத்தையும் இதையும் சேர்த்து நினைத்துப் பார்க்கலாம். தண்டுக்கு வந்ததும் ஓர் அமெரிக்க மரமே. அதுதான் ஹிக்கரி. வளையும், எளிதில் முறியாது.

ஹிக்கரிக் காலத்தில் தண்டைத் தெரிந்தெடுப்பது ஒரு கைவினை. வினைஞர் ஆட்டக்காரரின் வீச்சைப் பார்ப்பார். தண்டைச் சீவிச் சீவி மெலிவிப்பார். ஆட்டிப் பார்த்து, வேண்டுமானால் இன்னும் சீவுவார். கூடுதலாகச் சீவிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. ஒரே காட்டு மரமாயினும் இரண்டு தண்டுகள் ஒன்றுபோல் இரா. 1930இல் ஓராண்டில் நான்கு பெரும் பட்டங்களையும் வென்ற பாபி ஜோன்ஸ், ஹிக்கரித் தண்டுகளைக் கையால் உணர்ந்தே ஒவ்வொன்றாகச் சேர்த்தவர். பின்னாளில் அவருடைய கோல்களை அளந்து பார்த்தபோது ஒன்றைத் தவிர மற்றவை ஏறத்தாழப் பொருந்தியிருந்தன என்றும், பொருந்தாத அந்த ஒன்றுதான் அவருக்கு எப்போதும் தொல்லை தந்தது என்றும் சொல்லப்படுவதுண்டு.

ஹிக்கரியின் பெருங்குறை முறுக்கம். வளைவது மட்டுமன்று, அது தன்னையே திருகிக்கொள்ளும். வேகமாக இழுத்தால் தலை பின்தங்கி, முகம் திறந்துகொள்ளும். பந்து வலப்புறம் போகும். எனவே அக்காலத்தார் தலை வந்து சேரும்வரை பொறுத்து, நிதானமாக வீசினர். அப்பா சொல்வது: "கம்பு வர்ற வரைக்கும் நாம காத்திருக்கணும். நம்ம அவசரம் கம்புக்குத் தெரியாது."

1910இல் அமெரிக்கரான ஆர்தர் நைட் எஃகுக் குழாய்த் தண்டுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் ஆட்டவிதிகளை வகுப்போர் அதை எளிதில் ஏற்கவில்லை. அமெரிக்காவில் 1924இல்தான் இசைவு கிடைத்தது. பிரிட்டனில் 1929 வரை தடை நீடித்தது. வேல்ஸ் இளவரசர் புனித ஆண்ட்ரூசில் எஃகுத் தண்டோடு ஆடிவிட்டார். இளவரசரை நீக்குவதைவிட விதியை நீக்குவது எளிது என்று முடிவு செய்தார்கள் என்பர். 1931இல் பில்லி பர்க் எஃகுத் தண்டோடு அமெரிக்கப் பொதுப்போட்டியை வென்றார். அவ்வாறு வென்றவர்களில் அவரே முதல்வர். ஆயினும் மக்களின் கண் மரத்துக்கே பழகியிருந்தது. ஆகவே தொடக்ககால எஃகுத் தண்டுகள் பலவற்றுக்கு மரநிற உறை போட்டு விற்றார்கள்.

எஃகு திருகாது. ஆகவே காத்திருக்கத் தேவையில்லை, முழுவலிமையோடு வீசலாம். பைரன் நெல்சன் போன்றோர் உருவாக்கிய புதிய வீச்சு இந்தத் தண்டின் பிள்ளை. மனிதன் கோலைச் செய்தான், பிறகு கோல் மனிதனின் இடுப்பையும் தோளையும் திருத்தியது. மரவினைஞரின் சீவுளியும் அத்தோடு ஓய்ந்தது. அளவெடுத்துச் சட்டை தைப்பது போய், ஆயத்த ஆடை வந்தது போல, தண்டின் மேல் எழுத்து வந்தது. எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ். எல் மிக நெகிழ்வானது. எக்ஸ் மிக விறைப்பானது.

நம் மண்ணிலும் இதன் நிழல் விழுந்தது. சிங்கப்பூரில் 1891இலும் சிலாங்கூரில் 1893இலும் குழிப்பந்து மன்றங்கள் தோன்றின. டன்லப் நிறுவனம் மலாயாவில் ரப்பர்த் தோட்டங்களை வைத்திருந்தது, குழிப்பந்துகளையும் செய்தது. 1934 பிரிட்டிஷ் பொதுப்போட்டியில் ஹென்றி காட்டன் ஒரு சுற்றை 65 அடியில் முடித்ததன் நினைவாகத் தன் பந்துக்கு 'டன்லப் 65' என்று பெயர் வைத்தது. பால்மரம் சீவிய பாட்டியும், பந்து தேடிய அப்பாவும் ஒரே ரப்பரின் இரு முனைகளில் நின்றிருக்கிறார்கள். புல்லுக்குள் டன்லப் 65 ஒன்று கிடைத்தால் அன்று அப்பாவுக்குத் தீபாவளி. துரைமார்கள் எஃகுக்கு மாறியதால்தான் ஹிக்கரிக் கோல் அவர் கைக்கு வந்தது. மாலை மங்கியபின் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் கேடிகள் ஆடிய ஆட்டத்தில், பத்துப்பேருக்கு அந்த ஒரு கோல்.

அதன்பின் நடந்தவற்றை விரைந்து சொல்லிவிடுகிறேன். 1969இல் தூண்டிற்கோல் செய்து புகழ்பெற்ற ஷேக்ஸ்பியர் நிறுவனத்தில் பிராங்க் தாமஸ் கிராஃபைட் தண்டை உருவாக்கினார். எஃகுத் தண்டு 100 கிராமுக்கு மேல் இருக்க, இன்றைய கிராஃபைட் தண்டுகள் பல 50 முதல் 70 கிராமுக்குள் அடங்கும். 1979இல் கேரி ஆடம்ஸ் தொடங்கிய டெய்லர்மேட் நிறுவனம் எஃகுத் தலையைச் சந்தைப்படுத்தியது. உலோகமாயினும் அதை இன்றும் 'வுட்' என்கிறார்கள். 1991இல் கேலவே நிறுவனத்தின் பிக் பெர்த்தா 190 கன சென்டிமீட்டர். 1995இல் டைட்டானியத்தால் ஆன அடுத்தது 250. மரத்தலை டிரைவரோடு பெரும் பட்டம் வென்ற கடைசி ஆட்டக்காரர், 1993இல் மாஸ்டர்ஸ் பட்டம் பெற்ற பெர்ன்ஹார்ட் லாங்கர். தலை வீங்கிக்கொண்டே போனதால் 2004இல் 460 கன சென்டிமீட்டருக்கு மேல் கூடாது என்று விதி வந்தது.

இனி மாணவனின் கோலுக்கு வருகிறேன். பெரிய தலையின் எடை மையம் தண்டின் அச்சிலிருந்து விலகி நிற்கிறது. வீச்சின் வேகத்தில் அந்த மையம் வெளிப்புறம் இழுக்கப்படுவதால், பந்தைத் தொடும் நேரத்தில் தண்டு முன்னோக்கி வளைகிறது. முகம் சற்று மேல்நோக்குகிறது. பந்து உயர எழுகிறது. வேகம் குறைந்தவர் விறைத்த தண்டைப் பிடித்தால் இந்த வளைவு குறையும், பந்து தாழும். தண்டு கனமாகவும் இருந்தால் கை பிந்தும். முகம் மூடாமல் பந்து வலப்புறம் போகும். எல்லாருக்கும் இப்படியே நேரும் என்று சொல்ல முடியாது. வீச்சுக்கு வீச்சு வேறுபடும். இவனுக்கு அப்படியே நேர்ந்திருந்தது.

பயிற்சித் திடலின் கருவியில் அளந்தபோது இவன் தலையின் வேகம் மணிக்கு 92 மைல். பொதுவான கணக்கில் 85 முதல் 95 வரை ஆர், 105 வரை எஸ், அதற்கு மேல்தான் எக்ஸ். இவன் கையில் இருந்ததோ 70 கிராமுக்கும் மேற்பட்ட எக்ஸ். இந்த எழுத்துகளுக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஆர் இன்னொன்றின் எஸ் ஆக இருக்கலாம். ஆகவே எழுத்தைப் பார்த்து வாங்குவது, அட்டையைப் பார்த்துப் புத்தகம் வாங்குவது போன்றது. நீளமும் ஒரு வலை. பழைய எஃகுத் தண்டு டிரைவர்கள் ஏறத்தாழ 43 அங்குலம். கடைகளில் இன்று கிடைப்பவை பெரும்பாலும் 45க்கு மேல். நீளம் கூடினால் வேகம் கூடும்; நடுமுகத்தில் அடிப்பது கடினமாகும்.

அன்று அவன் ஹிக்கரிக் கோலை வாசலில் வீசினான். முதல் வீச்சு வழக்கம்போல் அவசரம். தண்டு திருகியது கையில் தெரிந்ததாம். மூன்றாவது வீச்சில் நிதானம் வந்தது. பிறகு தன் புதுக்கோலை எடுத்து வீசினான். அப்பா சிரித்தார். "நீ வீசல தம்பி. கம்போட மல்லுக்கட்டுற. உன் கையில குறை இல்ல. இது வேற ஆளோட கம்பு."

பையன் தலையைக் குனிந்துகொண்டு, "நெசமாவா தாத்தா?" என்று இரண்டு முறை கேட்டான்.

தலையை மாற்றத் தேவையில்லை, தண்டை மட்டும் மாற்றலாம் என்று அளந்து பொருத்தும் வினைஞர் ஒருவர் சொன்னார். ஐந்தாறு தண்டுகளைப் பொருத்தி அடிக்கவிட்டார். ஹிக்கரிக் காலத்து வினைஞரின் சீவுளி இருந்த இடத்தில் இவரிடம் ஒரு ராடார்ப் பெட்டி இருந்தது. மற்றபடி வேலை ஒன்றே. 55 கிராம் எடையுள்ள ஆர் தண்டு, நீளம் 44 அரை அங்குலம் என்று முடிவாயிற்று. ஒருவர் கழற்றி வைத்த பழைய தண்டாதலால் விலையும் குறைவு. பந்து நடுத்திடலில் விழத் தொடங்கியிருக்கிறது. தேர்வாட்டம் அடுத்த மாதம், பெயர் கொடுத்துவிட்டான்.

கழற்றிய எக்ஸ் தண்டை அப்பாவிடமே விட்டுப் போயிருக்கிறான். அவர் அதைப் புடலங்காய்ப் பந்தலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார். துருப்பிடிக்காதாம்.