படத்தை அளந்து கட்டடத்தை அறிதல்



சிராங்கூன் சாலையும் புக்கிட் தீமா சாலையும் கூடும் முனையில் 1915ஆம் ஆண்டில் எழுந்த பழைய தேக்காச் சந்தையை 1982இல் இடித்துவிட்டார்கள். சாலைக்கு எதிர்ப்புறம் புதிய சந்தை அதே ஆண்டில் திறக்கப்பட்டது. ஆகவே மீனுக்கும் ஆட்டிறைச்சிக்கும் யாரும் அலைய நேரவில்லை. ஆனால், அந்தப் பழைய கூரை எவ்வளவு உயரம், தூணுக்குத் தூண் எத்தனை அடி என்று இன்று ஒருவர் கேட்டால், அளவுநாடாவை வைத்துப் பிடிக்க அங்கே சுவர் இல்லை. எஞ்சியிருப்பவை நிழற்படங்கள். படத்தை வைத்துக்கொண்டு கட்டடத்தை அளக்க முடியுமா? முடியும்.

இக்கலையை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் ஆல்பிரெக்ட் மைடன்பவர் என்ற ஜெர்மானியர். 1858இல் வெட்ஸ்லார் நகரத்துப் பேராலயத்தை அளப்பதற்காக உயரத்தில் ஏறியவர், கால் தவறிக் கீழே விழ இருந்தார். உயிர் தப்பி இறங்கியபின் அவருக்கு ஒன்று தோன்றியது: சுவரில் தொங்கிக்கொண்டு அளப்பானேன்? தரையில் நின்று படம் பிடித்து, அந்தப் படத்தை அளந்தால் என்ன? 1885இல் இதற்கென்றே பெர்லினில் ஓர் அரசு நிலையத்தை நிறுவினார். அங்கே ஏறத்தாழ 20,000 கண்ணாடித் தகடுகள் சேர்ந்தன. இரண்டாம் உலகப் போரில் சிதைந்த பெர்லின் பிரெஞ்சுத் தேவாலயத்தை மீண்டும் எழுப்பியபோது அவை கைகொடுத்தன.

இனி நம் தெருவுக்கு வருவோம். கடைவீடு ஒன்றை நேர் எதிரே நின்று எடுத்த பழைய படம் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் மாடிச் சன்னல் இன்றும் இருக்கிறது, அளந்தால் 2.1 மீட்டர் உயரம். படத்தில் அது 3 சென்டிமீட்டர். அப்படியானால் படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது சுவரில் 70 சென்டிமீட்டர். இடிந்துபோன முகப்பு படத்தில் 12 சென்டிமீட்டர் உயரம் என்றால், உண்மையில் அது 8.4 மீட்டர். அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் ஓர் எச்சரிக்கை. மாடிச் சன்னலை விட்டுவிட்டுக் கீழே உள்ள கடைக் கதவை அளவுகோலாகக் கொண்டால் கணக்கு பிசகிவிடும். ஏன்? நம்மவர்கள் ‘அஞ்சடி’ என்று சொல்லும் நடைபாதை குறுக்கே கிடக்கிறதே! மாடிச் சுவர் தூண்களுக்கு நேராக முன்னே நிற்கிறது. கதவோ நடைபாதைக்கு அப்பால் உள்ளடங்கி இருக்கிறது. தொலைவில் உள்ளது படத்தில் சிறுத்துத் தெரியும். சரி, நடைபாதையின் அகலத்தையே ஐந்தடி என்று வைத்துக்கொள்ளலாமா என்றால், அதுவும் ஆகாது. பெயர்தான் அஞ்சடி, அகலம் தெருவுக்குத் தெரு வேறுபடும்.

இந்த ஆழத்தை அறிய ஒரு படம் போதாது. இரண்டு கண்களால் பார்ப்பதால்தான் பொருளின் தூரம் நமக்குத் தெரிகிறது. அதுபோல, வெவ்வேறு இடத்தில் நின்று எடுத்த இரண்டு படங்களிலும் ஒரே தூணின் முனையைக் குறித்து, கோணங்களைக் கணக்கிட்டால் அது எங்கே நின்றது என்பது தெரிந்துவிடும். முன்பு இதற்குப் பெரிய கருவிகள் வேண்டியிருந்தன. இப்போது கட்டடத்தைச் சுற்றி ஒன்றையொன்று தழுவிவரும் பல படங்களை எடுத்துக் கொடுத்தால், கணினி ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தானே பொருத்திப் பார்த்துக் கட்டடத்தின் வடிவத்தை முப்பரிமாணத்தில் தந்துவிடுகிறது.

சிங்கப்பூரில் பழைய படங்கள் உதவியதற்கு ராஃபிள்ஸ் ஹோட்டலைச் சொல்லலாம். 1989இல் அதை மூடி, 1915ஆம் ஆண்டு வாக்கில் இருந்த தோற்றத்துக்குத் திருப்பி, 1991இல் திறந்தார்கள். இடைக்காலத்தில் அகற்றப்பட்டிருந்த வார்ப்பிரும்பு முகப்பு மண்டபம் மீண்டும் எழுந்தது. ஹோட்டல் மூடிய அதே 1989இல்தான் லிட்டில் இந்தியாவும் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஒரு வீட்டுக்காரர் உதிர்ந்துபோன பூவேலையைத் திருத்த முனைந்தால், அது எப்படி இருந்தது என்று சாட்சி சொல்ல ஒரு பழைய படம் வேண்டாமா?

அந்தச் சாட்சி எல்லாவற்றையும் சொல்லிவிடாது. கெர்பாவ் சாலையில் 1900இல் கட்டப்பட்ட டான் டெங் நியா வீட்டைப் பாருங்கள். இன்று ஒவ்வொரு பலகைக்கும் ஒரு வண்ணம்! பார்க்க வருவோர் பலர் அதையே பழைய கோலம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். வெள்ளைச் சுவரும் பச்சைக் கூரையுமாக இருந்த வீடு அது என்று சொல்வார்கள். கறுப்பு வெள்ளைப் படம் உயரத்தைச் சொல்லும், வண்ணத்தைச் சொல்லாது. அக்காலத்து வண்ண அஞ்சலட்டைகளையும் நம்பிவிட முடியாது. அவற்றில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளைப் படத்தின்மீது பின்னர் வண்ணம் ஏற்றியவை.

உங்கள் வீட்டு ஆல்பத்தில் பழைய தேக்காவின் முன்னே தாத்தா நிற்கும் படம் இருக்கக்கூடும். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று அதன் ஓரத்தைக் கத்தரித்துவிடாதீர்கள். முழுப் படத்தின் நடுப்புள்ளியைக் கொண்டுதான் கேமரா எங்கே நின்றது என்று கணிக்கிறார்கள்; ஓரம் போனால் அந்த நடுப்புள்ளியும் இடம் மாறிவிடும். பின்புறம் ஆண்டையும் தெருவின் பெயரையும் பென்சிலால் எழுதி வையுங்கள். தாத்தாவின் தோளுக்குப் பின்னால் தெரிகின்ற அந்த ஒற்றைத் தூண், அளப்பவருக்கு வேண்டிய தூணாக இருக்கலாம்.