உதவித்தொகை இல்லாமல் வந்தவர்கள்

நம்ம கோர்ட்டில் பந்து பொறுக்கிப் போட்டவன் என்ற உரிமையில், அமெரிக்கக் கல்லூரிகளின் ‘வாக்-ஆன்’ கதையை மலருக்கு எழுதுகிறேன். விளையாட்டு உதவித்தொகை கிடையாது. ஆனால் பயிற்சியில் மற்றவர்களுக்குச் சரிசமமாக வியர்வை சிந்தும் பையன்கள் இவர்கள்.

ஸ்காட்டி பிப்பன் அப்படி வந்தவர்தான். ஆர்க்கன்சா மாநிலம் ஹாம்பர்க்கில் 12 பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா பேப்பர் மில் தொழிலாளி. பக்கவாதத்தில் முடங்கிப் போனார். 1983-ல் சென்ட்ரல் ஆர்க்கன்சா பல்கலைக்கழகத்தில் பிப்பனுக்குக் கிடைத்தது டீம் மேனேஜர் வேலை. மேனேஜர்னா பெரிய பதவி இல்லீங்க, எடுபிடி வேலைதான்! அப்போது உயரம் சுமார் 6 அடி 1 அங்குலம். படிக்கும்போதே 6 அடி 8 அங்குலம் வளர்ந்துவிட்டார். ஆட்டமும் கூடவே வளர்ந்தது. 1987-ல் என்.பி.ஏ. தேர்வில் 5-வது ஆள். பிறகு சிகாகோ புல்ஸ் அணியில் 6 சாம்பியன்ஷிப்.

முதல் டிவிஷன் ஆண்கள் அணிகளில் 1993 முதல் 13 ஸ்காலர்ஷிப்தான். அதற்கு மேல் வாக்-ஆன் பையன்களைச் சேர்த்துக்கொள்ளலாம். 2025-ல் நீதிமன்றம் ஏற்ற ‘ஹவுஸ்’ வழக்கு உடன்பாடு இதை மாற்றியது. உடன்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் அணிக்கு மொத்தமே 15 பேர். அத்தனை பேருக்கும் உதவித்தொகை தரலாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. 16-வதாக நிற்கிற பையனுக்குத்தான் ஜெர்சி இல்லை.