சிறுவரும் பூதமும்

1984ஆம் ஆண்டுத் திரைப்படங்களுக்கான தேசிய விருதுகளைப் புதுதில்லி அறிவித்தபோது, சிறந்த குழந்தை நடிகருக்குரிய விருது ஒருவருக்கு வழங்கப்படாமல் நால்வருக்குச் சேர்த்து வழங்கப்பட்டது. நால்வரும் 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்னும் மலையாளப் படத்தில் நடித்தவர்கள். அவருள் மூவர் பள்ளிச் சிறாராக வந்தனர். ஒருவர் சாத்தானாக வந்தார். சிறாரையும் சாத்தானையும் பிரித்துப் பார்க்க நடுவர்களுக்கு மனம் வரவில்லை போலும். இச்செய்தியைப் பற்றிக்கொண்டு, நம் நாட்டுக் கதைகளில் பூதம் எவ்வாறு குழந்தையின் தோழனாயிற்று என்பதைச் சிறிது ஆராய்வோம்.

தோழமை பூதத்தின் பழைய தொழிலன்று. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரத்துச் சதுக்கப்பூதம் ஒரு காவலாளி. பொய்ச்சான்று கூறுவோரையும், புறங்கூறுவோரையும், தவவேடத்துள் மறைந்து தீமை செய்வோரையும் பாசத்தால் கட்டிப் புடைத்து உண்பது அதன் கடமை. பத்தினி ஒருத்திமேல் பொய்ச்சான்று கூறியவனை அது பிடித்தபோது, அவன் தாயின் துயரம் பொறாத கோவலன், தன் உயிரைக் கொண்டு அவன் உயிரை விடுமாறு வேண்டினான். பூதம் இணங்கவில்லை. அதனோடு வாதாடலாம், உறவாட இயலாது.

பின்னை வந்த கதைகளில் பூதம் காவற்பணியை விட்டு ஏவற்பணிக்கு வந்துவிட்டது. விக்கிரமாதித்தன் கதையில் முருங்கைமரம் ஏறும் வேதாளம் இறுதியில் அரசனுக்கு அடங்கி, அவன் அழைக்கும்போதெல்லாம் வந்து நிற்கிறது. அலாவுதீன் விளக்கின் பூதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுவதே இல்லை. 1967இல் வெளிவந்த 'பட்டணத்தில் பூதம்' படத்தில் ஜாவர் சீதாராமன் பூதமாக நடித்தார். சென்னைத் தெருக்களில் அவர் புரிந்த சேட்டைகளைக் கண்டு தமிழ்நாடே சிரித்தது. ஆயினும் அந்தப் பூதமும் ஜாடியினின்று தன்னை விடுவித்தவருக்குத் தொண்டு செய்யக் கடமைப்பட்டதே. விளக்கோ ஜாடியோ எவர் கையில் இருக்கிறதோ அவரே எசமானர். பூதத்துக்கென்று ஒரு விருப்பம் உண்டா என்று கேட்டவர் எவருமிலர்.

கேரளத்துக் குட்டிச்சாத்தானின் நிலையும் இதுவே. சாத்தான் என்றதும் விவிலியத்துச் சாத்தானை எண்ணிவிடலாகாது. சாத்தன் என்பது ஐயனாருக்குப் பழந்தமிழில் வழங்கிய பெயர். மணிமேகலை பாடிய புலவரும் சாத்தனார்தாம். கேரள மக்களின் நம்பிக்கையில் குட்டிச்சாத்தான், மந்திரவாதி உபாசனையால் வசப்படுத்தி வைத்திருக்கும் ஒரு சிறு தேவதை. பகைவன் வீட்டுக் கூரைமேல் கல் விழுந்தாலும் அடுக்களைச் சோறு கெட்டாலும் அது சாத்தானின் வேலை என்பர். ஏவியவன் வேறொருவன் என்றும் சொல்வர். ஆக, பழி ஒருவனது, கை மற்றொருவனது.

பூதத்தின் இந்த அடிமைத்தனத்தை முதலில் தளர்த்திய படம் வங்காளத்தில் தோன்றியது. உபேந்திரகிசோர் ராய் சௌதுரி 1915இல் 'சந்தேஷ்' சிறுவர் இதழில் எழுதிய கதையை, அவருடைய பேரர் சத்யஜித் ராய் 'கூப்பி கைனே பாகா பைனே' என்னும் படமாக்கினார். ஊரார் துரத்திய பாடகனும் கொட்டுக்காரனும் காட்டில் பேய்களின் அரசனைச் சந்திக்கின்றனர். அவன் அவர்களுடைய இசையைக் கேட்டு மகிழ்ந்து மூன்று வரங்களைத் தானே மனமுவந்து அளிக்கிறான். அவர்கள் அவனை ஏவவில்லை. அப்படத்தின் பேய்க்கூத்து தமிழர்க்குத் தனியே உவப்பளிப்பது. அரசர், வெள்ளையர், கொழுத்தவர், எளியவர் என நால்வகைப் பேய்கள் ஆடுகின்றன. அவற்றுக்கு ராய் தேர்ந்த கருவிகள் மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங். வங்கப் பேய்கள் நம்முடைய தாளவாத்தியக் கச்சேரிக்கு ஆடின! 1968ஆம் ஆண்டின் சிறந்த படமெனத் தில்லி இதனையே தேர்ந்தது.

குழந்தைகளுக்கென நல்ல படங்கள் வேண்டுமென்று தில்லி முன்னரே கருதியிருந்தது. பிரதமர் நேருவின் ஊக்கத்தால் 1955இல் சிறுவர் திரைப்படக் கழகம் அமைந்தது. கேதார் சர்மா இயக்கிய 'ஜல்தீப்' அதன் முதற்படம். கழகம் ஆற்றிய பணி பெரிது. 2022இல் அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. ஆனால் பாடம் சொல்லும் நோக்கத்தோடு எடுக்கப்படும் படத்தைக் குழந்தைகள் எளிதில் மோப்பம் பிடித்துவிடுகின்றனர் என்பதே நம் எண்ணம். அவர்கள் முண்டியடித்துப் பார்த்த சாத்தான் கொச்சியை அடுத்த ஒரு தனியார் நிலையத்தில் பிறந்தான்.

நவோதயா நிலையத்தார் ஜிஜோவின் இயக்கத்தில் எடுத்த 'மை டியர் குட்டிச்சாத்தான்' 1984 ஆகஸ்டில் வெளிவந்தது; இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். ஒளிப்பதிவு, 'உதிரிப்பூக்கள்' படத்தைப் பதிவு செய்த அசோக்குமார், இசை இளையராஜா. ஒரே படச்சுருளில் இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் உரிய படங்கள் மேலும் கீழுமாகப் பதியும். வெள்ளி பூசிய திரையில் அவை ஒன்றன்மேல் ஒன்றாக விழும். தனிக்கண்ணாடி அணிந்தோர்க்கு உருவங்கள் திரையை விட்டு நீங்கி எதிரே வந்து நிற்கும். ஒருவர் அணிந்த கண்ணாடியை மற்றொருவர் அணிந்தால் கண்நோய் பரவும் என்ற அச்சமும் அன்று எழுந்தது. ஒரு பாட்டில் சிறுவர்கள் சுவரேறி நடந்து கூரையில் உலாவுகின்றனர். அது கண்கட்டு வித்தையன்று. ஓர் அறையையே பெரிய உருளையைப் போலச் சுழலச் செய்து, படக்கருவியையும் அதனோடு பிணைத்துச் சுழற்றிய தச்சுவேலை.

வியப்பெல்லாம் இவ்வாறு கண்ணுக்கு வைத்திருப்பினும், கதையின் உயிர் வேறிடத்தில் உள்ளது. மந்திரவாதியின் பிடியிலிருந்து சாத்தானை மூன்று சிறுவர் விடுவிக்கின்றனர். அவனைத் தேடி வருவோர்க்கு அவன் புதையலைக் காட்டும் கருவி மட்டுமே. சிறுவர்க்கோ அவன் கூட விளையாட ஒருவன். அவர்களும் அவன் ஆற்றலை நாடாமல் இல்லை. சிறுமியின் தந்தை குடிக்கு ஆட்பட்டவர். அவரை மீட்க அவன் துணை வேண்டியிருக்கிறது. எனினும் மந்திரவாதி அவனை அஞ்சியே கட்டிவைத்தான். சிறுவர் அஞ்சாமையால் அவிழ்த்துவிட்டனர். எசமானர் ஒருவர் போய் வேறொருவர் வருவதே முந்தைய கதைகளின் வழக்கம். எசமானரே இல்லாமற் போவது இங்கேதான்.

இதற்கு ஈராண்டு முன்னர், 1982இல், அமெரிக்காவில் 'ஈ.டி.' வெளிவந்தது. ஆண்டுதோறும் அக்டோபர் 31ஆம் நாள் ஹாலோவீன் இரவில் அந்நாட்டுச் சிறுவர் பேய்வேடமிட்டு வீடுதோறும் சென்று இனிப்புக் கேட்பர். அன்று வேற்றுலக உயிரைத் தெருவில் அழைத்துச் செல்ல, அதன்மேல் வெள்ளைத் துணி போர்த்துப் பேய்வேடம் போட்ட குழந்தை என்று காட்டிவிடுகின்றனர் அப்படத்துச் சிறுவர். பெரியவர் எவரும் ஐயுறவில்லை. நம் குட்டிச்சாத்தானுக்கோ போர்வையே தேவைப்படவில்லை. அவன் தோற்றமே ஒரு சிறுவனுடையது.

2008இல் இந்தியில் வந்த 'பூத்நாத்' இவ்வழியைத் தொடர்ந்தது. மகன் பிரிவால் நொந்த முதியவரின் ஆவியாக அமிதாப் பச்சன் நடிக்க, புதிதாகக் குடிவந்த சிறுவன் அவரைக் கண்டு அஞ்ச மறுக்கிறான். பேய் அங்கே பாட்டனாராகிவிடுகிறது.

குட்டிச்சாத்தான் 1998இல் 'சோட்டா சேத்தன்' என்ற பெயரில் இந்தி பேசி வடநாட்டு அரங்குகளுக்கு வந்தான். அதற்கென ஊர்மிளா மாதோண்ட்கர் நடித்த காட்சிகளைப் புதிதாக எடுத்துச் சேர்த்தனர். பதினான்கு ஆண்டுகளில் விருதுபெற்ற நால்வரும் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டிருந்தனர். திரையில் மட்டும் நால்வரும் பழைய வயதிலேயே நின்று, கண்ணாடி அணிந்த புதிய குழந்தைகளை நோக்கிக் கை நீட்டினர்.