ராமாவரம் தோட்டத்தில் மூன்று பேர்

போன வாரம் காரை ராமாவரம் தோட்டத்து வாசலில் நிறுத்திவிட்டு 'தொடரும்' போட்டுவிட்டேன். ஒரு வாரமாக அந்தக் காரையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரியும். இனியும் காக்க வைப்பது நியாயமில்லை. வாருங்கள், உள்ளே போவோம்.

1967 ஜனவரி 12. மாலை ஐந்து மணி.

விடிந்தால் போகி. 'தாய்க்குத் தலைமகன்' ரிலீஸும் மறுநாள்தான். இன்னும் ஐந்தே நாளில் எம்.ஜி.ஆருக்கு ஐம்பது வயது நிறைகிறது. அடுத்த மாதம் தேர்தல். பரங்கிமலைத் தொகுதியில் தி.மு.க. வேட்பாளர் அவர்தான். ஒரு மனிதனுக்கு எல்லாப் பக்கமும் காற்று சாதகமாக அடிக்கும் காலம் என்று ஒன்று உண்டே, அது எம்.ஜி.ஆருக்கு அப்போது நடந்துகொண்டிருந்தது.

காரிலிருந்து இறங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் தயாரிப்பாளர் கே.கே. வாசு. இன்னொருவர் நம்முடைய நடிகவேள் எம்.ஆர். ராதா.

வரும் ஏப்ரலில் ராதாவுக்கு அறுபது. எம்.ஜி.ஆரை விடப் பத்து வயது மூத்தவர். எம்.ஜி.ஆர். அவரை 'அண்ணே' என்றுதான் அழைப்பார். ராதாவுக்கு அவர் 'ராமச்சந்திரன்'. புரட்சி நடிகர், மக்கள் திலகம் என்று ஊரே கொண்டாடிய ஒருவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட சினிமா உலகத்தில் எத்தனை பேருக்குத் துணிச்சல் இருந்தது? ராதாவுக்கு இருந்தது. அவரைப் பொறுத்தவரை அது துணிச்சலே இல்லை, பழக்கம்.

'பெற்றால்தான் பிள்ளையா' திரைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தயாரித்தவர் வாசு. கதாநாயகன் எம்.ஜி.ஆர். கூட நடித்தவர் ராதா. அந்த மூன்று பேரும்தான் இப்போது ஒரே ஹாலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வேறு யாரும் இல்லை.

இந்த இடத்தில் உங்களைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுத்த சில நிமிடங்களில் நடக்கப்போவது தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த விஷயம். யார் சுட்டார், யாருக்குக் காயம் என்பதைத் திண்ணையில் இருக்கும் பாட்டி கூடச் சொல்வார். ராதா என்ற மனிதருக்குள் அந்த நேரத்தில் என்ன ஓடியது என்பதை மட்டும்தான் யாரும் சொல்வதில்லை. அதைப் பிடிக்காமல் நான் நகர மாட்டேன்.

முதல் அத்தியாயத்தில் பார்த்த சிறுவனை நினைத்துப் பாருங்கள். சாப்பாட்டுத் தட்டில் இன்னொரு துண்டு மீன் கேட்டான். அம்மா தர மறுத்தார். அவ்வளவுதான். வேறு பிள்ளையாக இருந்தால் இரண்டு நிமிடம் அழுதுவிட்டு மிச்சச் சோற்றைத் தின்றிருப்பான். இவன் எழுந்தான். வீட்டை விட்டே நடந்தான். எழும்பூர் ஸ்டேஷனில் ஆலந்தூர் டப்பி ரங்கசாமி நாயுடு கண்ணில் பட்டு நாடகக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தான்.

அது பசியால் வந்த கோபம் இல்லை. தனக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றிவிட்டது. தோன்றிய அந்தக் கணமே முடிவு. யோசனை, சமாதானம், நாளைக்குப் பார்க்கலாம் என்பதெல்லாம் அவன் அகராதியில் கிடையாது.

வளர்ந்த பிறகும் அதே ராதாதான். முப்பதுகளின் கடைசியில் சில படங்களில் தலைகாட்டினார். பிடிக்கவில்லை. மேடைக்கே திரும்பினார். 1954-இல் 'ரத்தக்கண்ணீர்' படமாக வந்து ஊரையே உலுக்கியது. அப்படி ஒரு வெற்றிக்குப் பிறகு கோடம்பாக்கத்தில் வீடு பார்க்காத நடிகர் உண்டா? இவர் மறுபடியும் திரைச்சீலையைச் சுருட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக நாடகம் போடக் கிளம்பிவிட்டார். 'நல்ல இடத்து சம்பந்தம்' வந்த பிறகுதான் சினிமா அவரை விடாமல் பிடித்துக்கொண்டது. 'பாகப்பிரிவினை', 'பாவமன்னிப்பு', 'பலே பாண்டியா' என்று அவர் இல்லாத வெற்றிப் படத்தைத் தேட வேண்டிய நிலை வந்தது.

காசு வந்தது. கார் வந்தது. வெளிநாட்டு இம்பாலா. அதில் மாட்டுக்கு வைக்கோல் ஏற்றிக்கொண்டு வந்தவர் இவர். பார்த்தவர்கள் பதறினார்கள். ராதாவுக்கு அது நாலு சக்கரம் வைத்த தகரம், அவ்வளவுதான். மோட்டார் வேலையும் எலெக்ட்ரிக் வேலையும் கைப்படத் தெரிந்த மனிதருக்குப் பளபளப்பைப் பார்த்து என்ன பிரமிப்பு வரும்? பொருளுக்கும் புகழுக்கும் அவர் மயங்கியதே இல்லை. ஆனால் ஒரு வார்த்தை, ஒரு புறக்கணிப்பு, அது மட்டும் அவரைச் சுட்டுவிடும்.

இன்னொரு சம்பவம். நாடகக்காரர்கள் வாய்வழியாகவே சொல்லிச் சொல்லி வந்தது. ஒரு வேஷ விஷயத்தில் கலைவாணர் என்.எஸ்.கே. தன்னை ஏமாற்றிவிட்டார் என்று ராதாவுக்குப் பட்டதாம். உடனே ஒரு துப்பாக்கியைத் தேடிப் பிடித்தாராம். சேதி என்.எஸ்.கே. காதுக்குப் போயிற்று. அவர் ஓடி ஒளியவில்லை. நேரே ராதா முன்னால் வந்து நின்றார். சுடுவதென்றால் சுடு என்றாராம். ராதா துப்பாக்கியைப் போட்டுவிட்டுக் கட்டிப்பிடித்து அழுதாராம்.

கவனியுங்கள். அன்றைக்கு அந்தக் கோபம் உடைந்ததற்குக் காரணம், எதிரில் நின்றவர் சரியான நேரத்தில் சரியான ஒரு வார்த்தையைச் சொன்னார் என்பதுதான்.

ராமாவரம் தோட்டத்து ஹாலில் அந்த வார்த்தையைச் சொல்ல யாரும் இல்லை.

சரி, கோபம் எதற்கு? ஒரு காரணம் பணம். 'பெற்றால்தான் பிள்ளையா' படத்துக்காக ராதா வாசுவுக்கு ஒரு லட்ச ரூபாய் கொடுத்திருந்தார் என்று பின்னால் கோர்ட்டில் பேசப்பட்டது. அந்தக் காலத்து ஒரு லட்சம்! இன்னொரு காரணம் அரசியல். ராதா பெரியாரின் தொண்டர். கறுப்புச்சட்டைக்காரர். அந்தத் தேர்தலில் பெரியார் நின்றது காமராஜர் பக்கம். எனவே ராதாவும் காமராஜர் பக்கம். எதிர் முகாமின் மிகப் பெரிய முகமாக எம்.ஜி.ஆர். வந்துகொண்டிருந்தார். தொழில் வருத்தமும் சேர்ந்தது. தனக்கு வரும் வாய்ப்புகளை எம்.ஜி.ஆர். தடுக்கிறார் என்ற சந்தேகம்.

என் கணிப்பைக் கேட்டால், இதில் எந்த ஒன்றும் தனியாக ராதாவை அங்கே கொண்டு வந்திருக்காது. பணம் போனால் போகட்டும் என்று விடக்கூடியவர் அவர். அரசியலில் எதிரியை மேடையில் நாக்காலேயே நார்நாராகக் கிழிக்கத் தெரிந்தவருக்குத் துப்பாக்கி எதற்கு? ஆனால் மூன்றும் ஒன்றாகத் திரண்டு, 'என்னை மதிக்கவில்லை' என்ற ஒரே எண்ணமாக மாறிவிட்டால்? அந்த மீன் துண்டுச் சிறுவன் மறுபடி எழுந்துவிட்டான் என்று அர்த்தம்.

சிறுவனாக இருந்தபோது வெளியே நடந்தான். இப்போது உள்ளே வந்திருக்கிறான்.

இனி ஹாலுக்குள் திரும்புவோம். பேச்சு தொடங்கியது. எம்.ஜி.ஆர். வாசு பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தார். ராதா எழுந்தார்.

ஒரு வெடிச் சத்தம்.

எம்.ஜி.ஆரின் இடது காதருகே ரத்தம். அவர் கையால் காதைப் பொத்திக்கொண்டார்.

இன்னொரு வெடி.

இன்னொன்று.

இந்த முறை ரத்தம் ராதாவின் உடம்பில். நெற்றிப்பொட்டுப் பக்கம் ஒன்று, கழுத்துப் பக்கம் ஒன்று. வாசு பாய்ந்து துப்பாக்கியைப் பிடுங்கினார்.

எல்லாம் முடிய ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? சந்தேகம்தான். ஒரு ஹால், மூன்று மனிதர்கள், மூன்று குண்டுகள்.

இரண்டு பேரையும் ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். சேதி அவர்களுக்கு முன்னால் ஓடியது. எம்.ஜி.ஆரைச் சுட்டுவிட்டார்கள்! கடைகள் சாத்தப்பட்டன. ஜனம் ஆஸ்பத்திரி வாசலில் திரண்டது. அழுகை, ஆத்திரம், வதந்தி. உயிர் இருக்கிறதா இல்லையா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு கலையாமல் நின்றது. பிறகு இருவரும் பொது மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள்.

வெளியே ஆயிரக்கணக்கில் நின்றவர்கள் ஒருவருக்காகத்தான் நின்றார்கள். உள்ளே டாக்டர்கள் இருவருக்காகவும் போராடினார்கள். இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு என்னவோ செய்கிறது. நாற்பது வருடம் மேடையில் நின்று இதே ஜனத்தைச் சிரிக்க வைத்து, திட்டி, யோசிக்க வைத்த கலைஞன் அவன். அன்று இரவு அவனுக்காக வாசலில் நின்றவர்கள் எத்தனை பேர்?

இருவரும் பிழைத்தார்கள்.

ஆனால் எம்.ஜி.ஆரின் கழுத்துக்குள் போன குண்டு உடனே வெளியே வரவில்லை. எடுப்பதே ஆபத்து என்ற இடத்தில் போய் அது உட்கார்ந்துகொண்டது. கழுத்தில் கட்டோடு அவர் படுத்திருந்த படம் சுவரொட்டியாகித் தமிழ்நாடு முழுக்கப் பறந்தது. வேட்பாளர் தொகுதிப் பக்கமே போகவில்லை. கும்பிட்ட கையும் கழுத்துக் கட்டுமாக அந்தப் படம்தான் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டது. பரங்கிமலையில் 27,000 ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். கோட்டையில் அண்ணா ஏறினார். காமராஜரே விருதுநகரில் தோற்றார்.

யாரை ஜெயிக்க வைக்க வேண்டும் என்று ராதா நினைத்தாரோ, அவர் தோற்றுப்போனார். இதைச் சேதியாகக் கேட்டபோது ராதா காவலில் இருந்த கைதி. கொலை முயற்சி, தற்கொலை முயற்சி, ஆயுதச் சட்டம் என்று அடுக்கடுக்காகக் குற்றச்சாட்டு.

வழக்கு சைதாப்பேட்டையில் தொடங்கி செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்டுக்கு வந்தது. எல்லோரும் நினைத்தது ஒன்றுதான். இதில் விசாரிக்க என்ன இருக்கிறது? சுட்டவர் தெரியும், சுடப்பட்டவர் தெரியும். கேஸ் நாலு நாளில் முடிந்துவிடும்.

அங்கேதான் ராதா தரப்பு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது.

முதலில் சுட்டவர் ராதா இல்லை. எம்.ஜி.ஆர்.!

அந்தத் துப்பாக்கியைப் பறித்து, உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் ராதா திருப்பிச் சுட்டார்!

கோர்ட் அதிர்ந்தது. எம்.ஜி.ஆர். சொல்வது ஒன்று, ராதா சொல்வது அதற்கு நேர் எதிர். இரண்டு பேருமே ஊரறிந்த நடிகர்கள். இரண்டு பேர் உடம்பிலும் காயம். அந்த ஹாலில் இருந்த மூன்றாவது ஆள் ஒரே ஒருவர்தான்.

வாசு.

ராதாவோடு ஒரே காரில் வந்தவர். ராதாவின் பணத்தை வாங்கியிருந்தவர். எம்.ஜி.ஆரை வைத்துப் படம் எடுத்தவர். இரண்டு பக்கமும் கடமைப்பட்டவர். அவர் வாயிலிருந்து வரும் ஒரு சொல், நடிகவேளின் மிச்ச ஆயுளை எங்கே கழிப்பது என்பதைத் தீர்மானிக்கப் போகிறது.

வாசு தன் சாட்சியத்தைச் சொல்லி முடித்தார். ராதாவின் வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார்.

(தொடரும்)