அழுகுணி ஆட்டத்துக்குக் காவல்

பெங்களூரு மல்லேஸ்வரத்து கனரா யூனியன் மண்டபத்தில் ஒரு காலத்தில் கல்யாணம் இருந்தால் அன்றைக்குப் பேட்மின்டன் இருக்காது. பிரகாஷ் படுகோன் சிறுவனாக ஆடிப் பழகியது அங்கேதான். 1980-இல் ஆல் இங்கிலாந்து பட்டத்தையே வென்று வந்தார். அந்த மாதிரி மண்டபத்தில் அழுகுணி ஆட்டம் ஆடுவது சுலபமில்லை. பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று சண்டை போட எதிராளி இருக்கிறார். அடுத்த ஆட்டத்துக்காகச் சுவரோரம் காத்திருக்கும் நாலு பேர் சாட்சி சொல்வார்கள். ஆட்டம் இணையத்துக்குப் போனபோது முதலில் காணாமல் போனவர்கள் அந்த நாலு பேர்தான். அவர்கள் இடத்தில் யாரை நிறுத்துவது என்று 25 ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த நாலு பேர் ஒரேயடியாகப் போய்விடவில்லை. 1999-இல் 'ஹாஃப் லைஃப்' விளையாட்டின் மேல் ரசிகர்கள் கட்டிய 'கவுன்டர் ஸ்டிரைக்', சில வருஷங்களில் பெங்களூரு பிரவுசிங் சென்டர்களுக்கும் வந்து சேர்ந்தது. மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டி, பத்து பையன்கள் ஒரே அறையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் சுட்டார்கள். பக்கத்துத் திரையை எட்டிப் பார்ப்பதுதான் அங்கே பெரிய குற்றம். பார்த்தவனைக் கத்தியே அடக்கிவிடலாம். முகம் தெரியாதவனோடு ஆடத் தொடங்கிய பிறகுதான் விவகாரம் முற்றியது.

சுவருக்குப் பின்னால் இருப்பவனைக் காட்டும் 'வால்ஹேக்', குறியைத் தானே எதிரியின் தலைக்கு இழுத்துச் செல்லும் 'எய்ம்பாட்' ஆகிய இரண்டும் அன்றிலிருந்து இன்றுவரை மாறாத கள்ளத்தனங்கள். இவற்றுக்கு மந்திரம் எதுவும் வேண்டாம். எதிரி எங்கே நிற்கிறான் என்ற விவரத்தை சர்வர் முன்கூட்டியே ஆட்டக்காரரின் கணினிக்கு அனுப்பிவிடுகிறது. திரை மறைத்தாலும் கணினியின் நினைவகத்தில் அது கிடக்கிறது. அதை எடுத்துப் படிக்க ஒரு சின்ன நிரல் போதும்.

எனவே காவலும் கணினிக்குள்ளேயே வந்தது. 2000-இல் டோனி ரே உருவாக்கிய 'பங்க்பஸ்டர்' ஆட்டக்காரரின் நினைவகத்தைத் துழாவியது. திரையைப் படம் பிடித்து சர்வர் நடத்துபவருக்கு அனுப்பவும் செய்தது. 2002-இல் 'ஹாஃப் லைஃப்' விளையாட்டின் சொந்தக்காரரான வால்வ் நிறுவனம் தன் சொந்தக் காவலான 'வாக்'கைக் கொண்டுவந்தது. இது பிடித்தவுடன் தண்டிப்பதில்லை. நாள்கள் கழித்து, பலரை மொத்தமாகத் தடை செய்யும். உடனே தடுத்தால் எந்த ஓட்டை அடைபட்டது என்று திருட்டு நிரலை விற்பவனுக்குத் தெரிந்துவிடும் அல்லவா? ஆமாம், விற்பவன்தான். மாதச் சந்தா வாங்கிக்கொண்டு நடக்கும் வியாபாரம் அது.

ஆனால் நம் நாட்டில் பேர் வாங்கிய பிடிபடல்களில் மனிதக் கண்தான் முந்திக்கொண்டது. 2006 டிசம்பரில் டெல்லி சுப்ரதோ முகர்ஜி நினைவுச் சதுரங்கப் போட்டியில் ஓர் ஆட்டக்காரரின் தொப்பியை வாங்கிச் சோதித்தார்கள். உள்ளே புளூடூத் கருவி தைக்கப்பட்டிருந்தது. பத்து ஆண்டு தடை.

2018 அக்டோபர் 19, ஷாங்காய். எக்ஸ்ட்ரீம்ஸ்லேண்ட் ஆசியப் போட்டியில் ஆப்டிக் இந்தியா அணி வியட்நாமின் ரெவல்யூஷன் அணியோடு கவுன்டர் ஸ்டிரைக் ஆடிக்கொண்டிருந்தது. 'ஃபார்சேகன்' என்ற பெயரில் ஆடிய இந்திய வீரரின் இருக்கைக்கு நடுவர்கள் வந்து நின்றார்கள். கணினியைச் சோதிக்க ஒருவர் கை நீட்ட, வீரர் அந்தக் கையைத் தள்ளிவிடுகிறார். அவசர அவசரமாக எதையோ மூடப் பார்க்கிறார். இது அப்படியே வீடியோவில் பதிவானது. சிக்கிய எய்ம்பாட் கோப்பின் பெயர் 'வேர்ட் டாட் இஎக்ஸ்இ'. கடிதம் தட்டச்சு செய்யும் மென்பொருள் துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே எதற்கு என்று நடுவருக்குத் தோன்றாமலா போகும்! அணி வெளியேற்றப்பட்டு, பிறகு கலைக்கவும்பட்டது. அவருக்கு ஐந்து ஆண்டு தடை. ஒரு தப்பும் செய்யாத மற்ற நால்வருக்கும் வேலை போனதுதான் இதில் ஆறாத விஷயம்.

பெங்களூருக்குச் சொந்தமான சம்பவம் 2021 ஜூன் 13 அன்று நடந்தது. மல்லேஸ்வரத்துக்கு மேற்கே ராஜாஜிநகர் இஸ்கான் கோயிலோடு இணைந்த அட்சய பாத்திரா அமைப்பின் கொரோனா நிவாரண நிதிக்காக, விஸ்வநாதன் ஆனந்த் இணையத்தில் ஒரே நேரத்தில் பல பிரபலங்களோடு சதுரங்கம் ஆடினார். நடிகர்கள் ஆமிர் கான், கிச்சா சுதீப், சிறுவயதில் சதுரங்கமே ஆடிவந்த கிரிக்கெட் வீரர் யுஸ்வேந்திர சஹல் ஆகியோரும் அதில் உண்டு. எல்லோரும் தோற்க, பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதாவின் நிறுவனர்களில் ஒருவரான நிகில் காமத் மட்டும் ஜெயித்தார். ஐந்து முறை உலக சாம்பியனானவரை ஓர் அமெச்சூர் வீழ்த்தினால் சந்தேகிக்க எந்த மென்பொருளும் வேண்டாம். கணினியின் உதவியும் ஆட்களின் உதவியும் இருந்தன என்று மறுநாளே அவர் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். செஸ் டாட் காம் அவர் கணக்கை மூடி, பிறகு திறந்தது. நல்ல காரியத்துக்கான ஆட்டம்தானே என்று பலர் சொன்னார்கள். எதிரே உட்கார்ந்து யோசித்தவருக்கு அதில் என்ன ஆறுதல்?

மனிதக் கண் எட்டாத இடத்தில் பொறி வைக்க வேண்டியிருக்கிறது. 2023-இல் வால்வ், தன் 'டோட்டா 2' விளையாட்டில் ஒரு திருத்தம் வெளியிட்டது. நேர்மையாக ஆடுபவரின் விளையாட்டு ஒருபோதும் படிக்காத ஒரு நினைவகப் பகுதி அதில் இருந்தது. அதை ஒரு நிரல் படித்தால் அது திருட்டு நிரல்தான். 40,000-க்கும் மேற்பட்ட கணக்குகள் ஒரே வீச்சில் போயின. 'வாலரன்ட்' என்ற துப்பாக்கி விளையாட்டு வேறு வழி பிடித்தது: எதிரி கண்ணில் படப்போகும் தறுவாய் வரை அவன் இடத்தை சர்வர் சொல்வதே இல்லை. மறைத்து வைத்துக் காவல் காப்பதைவிட, கொடுக்காமலே இருப்பதுதான் சரியான வழி. மற்ற விளையாட்டுகளும் இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

ஆனால் அதே வாலரன்ட், 2020 முதல் 'வேன்கார்ட்' என்ற காவலையும் சேர்த்தே தருகிறது. விண்டோஸ் கணினியின் அடிமட்டமான கெர்னலில் உட்கார்ந்துகொண்டு, கணினியைப் போட்டதுமே அது விழித்துக்கொள்ளும். வங்கிக் கணக்கும் வருமான வரிக் கணக்கும் பார்க்கும் வீட்டுக் கணினியில் பிள்ளை இந்த விளையாட்டைக் கேட்டால், கூடவே என்ன வருகிறது என்று தெரிந்துகொண்டு நிறுவுங்கள். விளையாட்டு வேண்டாம் என்று முடிவானால் வேன்கார்டையும் தனியாக நீக்க மறக்காதீர்கள்.